கட்டச் சொன்னது நான் இல்லை

பேட்டிக்கு வருகிறவர்கள் எல்லோரும் முதலில் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள். நீங்கள் முதன்முதலாக எடுத்த படம் எது? நானும் தொலைக்காட்சிக்காகக் கடலைச் சாகுபடி பற்றி எடுத்த ஒரு படத்தைச் சொல்லிவிட்டு, காப்பி வந்ததா என்று உள்ளே எட்டிப் பார்ப்பேன். நான் சொல்வது பொய். நான் முதலில் எடுத்தது என் அக்காவின் கல்யாணத்தை. அந்தப் படத்தை இதுவரை யாரும் பார்த்ததில்லை, நான் உட்பட. அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு ரத்தக் கொதிப்பு ஏறுகிறது. (மாத்திரை சாப்பிடுகிறேன். மாத்திரைக்கு அந்தக் கல்யாணம் பற்றி ஒன்றும் தெரியாது.)

இருபது வருடத்துக்கு மேல் தொலைக்காட்சியில் இயக்குநராகவும் ஒளிப்பதிவாளராகவும் இருந்தேன். கோபக்காரன் என்று பெயர் வாங்கினேன். என் செருப்புச் சத்தம் கேட்டாலே மேக்கப் அறையில் சிரிப்பு நின்றுவிடும். அதற்கு ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். சர்க்கரை என்றார்கள், வீட்டில் சரியில்லை என்றார்கள், பதவி உயர்வு கிடைக்கவில்லை என்றார்கள். உண்மைக் காரணம் ஒரே ஓர் எழுத்து. 'டு' என்கிற எழுத்து.

எங்கள் ஊர் வல்லத்திராக்கோட்டை. அப்பா விவசாயம். பள்ளிக்கூடத்தை முடித்த கையோடு நான் சினிமாவில் கேமரா பிடிக்கப் போகிறேன் என்று அறிவித்தேன். அப்பா ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. எட்டாம் நாள், "போயித் தொலை, ஆனா சோத்துக்கு இல்லேன்னு கடுதாசி போடாத" என்று அனுப்பிவைத்தார். அறுபதுகளின் நடுவில் சென்னையில் ஒரு ஸ்டுடியோவில் சேர்ந்தேன். கேமரா பிரிவு என்று ஊருக்கு எழுதினேன். கேமராவைத் தாங்கும் மூன்று கால் ஸ்டாண்டைத் தூக்கிக்கொண்டு போய் ஓர் இடத்தில் வைப்பதும், அங்கே வேண்டாம் என்றதும் தூக்கிக்கொண்டு வருவதும்தான் வேலை என்று எழுதவில்லை.

அங்கே எட்டு மாதம் நான் வாயைத் திறக்கவில்லை. திறக்க அனுமதி இல்லை. படப்பிடிப்புத் தளத்தில் சத்தமாகப் பேசும் உரிமை ஒருவருக்குத்தான். அவர் 'ஸ்டார்ட்' என்றால் நாற்பது பேர் மூச்சை அடக்குவார்கள். 'கட்' என்றால் நாற்பது பேரும் மூச்சு விடுவார்கள். ஒரு மனிதன் வாயிலிருந்து ஒரு சொல் வந்தால் உலகமே அதன்படி நடக்கிறதே என்று வாயைப் பிளந்துகொண்டு பார்த்தேன். விடுதி அறையில் கதவைச் சாத்திக்கொண்டு கண்ணாடி முன்னால் நின்று அந்த இரண்டு சொல்லையும் பழகினேன். பல் தேய்க்கும்போதுகூடப் பழகினேன். வெட்கமாக இருக்கிறது, ஆனால் உண்மை.

எங்கள் ஒளிப்பதிவாளரை எல்லோரும் மாஸ்டர் என்போம். அதிகம் பேசமாட்டார். அக்கா கல்யாணத்துக்கு லீவு கேட்டு நின்றபோது, உள்ளே போய்க் கைப்பிடியில் தூக்கும் சின்ன கேமரா ஒன்றையும் ஒரு தகர டப்பாவையும் கொண்டுவந்து வைத்தார். கடிகாரத்துக்குக் கொடுப்பதுபோலச் சாவி கொடுத்து ஓட்டுகிற கேமரா அது. ஒரு சாவிக்கு அரை நிமிடம்கூட ஓடாது. டப்பாவில் நூறடி பிலிம் இருந்தது. மொத்தமாக ஓட்டினால் மூன்று நிமிடத்துக்குக் கொஞ்சம் குறைவு. கல்யாணத்தை எடுத்துக் கொண்டுவா என்றார். எடுத்ததில் மூன்று ஷாட்டாவது ஒன்றோடு ஒன்று ஒட்ட வேண்டும், அதாவது ஒரு ஷாட்டில் கிளம்பிய கை அடுத்த ஷாட்டில் அதே இடத்திலிருந்து தொடர வேண்டும். ஒட்டினால் உதவியாளராக வைத்துக்கொள்வதாகச் சொன்னார். ஒட்டாவிட்டால் ஊருக்கு அவரே பஸ் ஏற்றிவிடுவாராம்.

அந்த நூறடியில் என் பிழைப்பு இருந்தது. அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஊர் வந்து சேர்ந்தேன்.

மாப்பிள்ளை பெயர் சிங்காரம். விராலிமலைப் பக்கத்து ஆள். புதுக்கோட்டைக்கும் அறந்தாங்கிக்கும் இடையே ஓடிய ஒரு தனியார் பஸ்ஸில் டிரைவர். நல்ல மனிதர், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் பஸ் ஓட்டி ஓட்டி அவருக்கு ஒரு பழக்கம் ஊறிப்போயிருந்தது. பின்னாலிருந்து 'ரைட்' என்று குரல் வந்தால் கிளம்புவார். 'ஹோல்டான்' என்று வந்தால் நிறுத்துவார். யார் சொன்னது, எதற்குச் சொன்னது என்று திரும்பிப் பார்க்கிற வழக்கமே கிடையாது. குரல் வந்ததும் கால் தானாக நகரும். இது எனக்கு அப்போது தெரியாது. தெரிந்திருந்தால் இந்தக் கட்டுரை இல்லை.

அவருடைய அப்பாவைச் சம்பந்தி என்றே சொல்கிறேன். பெயரைச் சொல்ல இன்றைக்கும் வாய் வரவில்லை. பஞ்சாங்கம் பார்க்காமல் தும்மக்கூட மாட்டார். பெண் பார்க்க வந்த அன்று, வாசலில் பத்து நிமிடம் வெயிலில் நின்று நல்ல நேரம் பிறந்த பிறகுதான் செருப்பைக் கழற்றினார். கல்யாணம் திங்கட்கிழமை. ஏழரையிலிருந்து ஒன்பது வரை ராகு காலம். முகூர்த்தம் ஒன்பதுக்கு மேல் பத்தரைக்குள். பத்திரிகையில் அதை அச்சடித்தது போதாது என்று, வந்தவர்களிடமெல்லாம் வாயாலும் சொல்லிக்கொண்டிருந்தார்.

விடிந்ததும் நான் வேலையை ஆரம்பித்தேன். தென்னங்கீற்றுப் பந்தலுக்குள் ஒரே இருட்டு. அந்த பிலிமுக்கு அந்த வெளிச்சம் போதாது. யாரிடமும் கேட்காமல் மணவறைக்கு நேர் மேலே நான்கு கீற்றை உருவிப் போட்டேன். காலை வெயில் நேராக மாப்பிள்ளைத் தலையில் இறங்கியது. அதுவும் போதாமல், ஆத்தாவின் அலமாரிக் கதவைக் கண்ணாடியோடு கழற்றி, எங்கள் தாய்மாமன் தங்கராசு கையில் கொடுத்து, வெயிலைப் பிடித்து மணமக்கள் முகத்தில் அடிக்கச் சொன்னேன். மாமா சொன்னதைச் சொன்னபடி செய்தார். அன்றைக்கு எல்லோரும் சொன்னபடி செய்தார்கள். அதுதான் தொல்லை.

அப்பா மேலே ஓட்டையைப் பார்த்தார், கதவில்லாத அலமாரியைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். கல்யாண வீடாயிற்றே என்று பல்லைக் கடித்துக்கொண்டு நகர்ந்தார். நான் அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன். (அந்த வயதில் நான் அப்படித்தான்.)

பெண் அழைப்பு, மேளக்காரர்கள், பந்தி என்று எடுத்ததில் அறுபதடி போய்விட்டது. மிச்சம் நாற்பதடி. தாலி கட்டும்போது என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். அட்சதையோடு மொத்தக் கூட்டமும் எழுந்து முன்னால் வரும். கேமராவுக்குத் தெரிவதெல்லாம் சட்டை முதுகுகள்தான். ஆகவே ஒரு யோசனை செய்தேன். தாலியைப் பிடித்த கை கழுத்தை நோக்கிப் போவதை முன்னாடியே கிட்டத்தில் வைத்து எடுத்துக்கொள்வது. அதோடு அக்காவின் முகம். பிறகு நிஜமாகக் கட்டும்போது ஒரு பெஞ்சின் மேல் ஏறி நின்று மொத்தக் கூட்டத்தையும் எடுப்பது. மூன்றும் ஒட்டும். இன்றைக்கும் சொல்வேன், அது சரியான யோசனை. எந்த ஒளிப்பதிவாளரையும் கேளுங்கள்.

மணி எட்டே முக்காலைத் தாண்டியிருந்தது. தாலித் தட்டு கூட்டத்தைச் சுற்றி எல்லோரிடமும் ஆசி வாங்கிக்கொண்டு மணவறைக்குத் திரும்பி வந்துவிட்டது. ஒன்பது அடிக்கக் காத்திருந்தார்கள். ஐயர் நெய் தீர்ந்துவிட்டது என்று எழுந்து உள்ளே போனார். வானம் தெளிவாக இருந்தது, வெளிச்சம் அருமையாக இருந்தது. நான் அத்தான் அருகில் போய்க் குனிந்தேன்.

"அத்தான், தாலிய எடுத்து அக்கா கழுத்துக்கிட்ட கொண்டு போங்க. கட்டிராதீங்க. நான் சொல்ற வரைக்கும் அப்படியே வச்சிருங்க."

"சரி மாப்ள. ரைட்டு சொல்லுவியா?"

"ஸ்டார்ட்டுன்னு சொல்லுவேன். அப்பக் கைய மெதுவாக் கொண்டு போகணும்."

அவர் தலையாட்டினார். முதல் சொல்லை விளக்கினேன். இரண்டாவது சொல்லை விளக்கவில்லை. நான் சொல்கிறவரைக்கும் கட்டாதீர்கள் என்று நானே சொல்லியிருக்கிறேன், பாருங்கள். சொன்ன பிறகு கட்டலாம் என்றுதானே அதற்கு அர்த்தம். எந்தக் கோர்ட்டுக்குப் போனாலும் அத்தான் ஜெயிப்பார்.

சாவியை இறுக்கிக் கொடுத்தேன். ஓரடி பின்னால் நகர்ந்து ஒற்றைக் கண்ணை மூடினேன். ஸ்டுடியோக் குரலில் 'ஸ்டார்ட்' என்றேன். அத்தான் அக்காவின் பின்பக்கமாகக் குனிந்து, மஞ்சள் கயிற்றை இரண்டு கையாலும் பிடித்துக் கழுத்தருகே கொண்டுபோனார். தங்கராசு மாமா கண்ணாடியைத் திருப்ப, தாலியில் வெளிச்சம் பட்டுப் பளிச்சென்றது. அக்கா கண்ணைத் தாழ்த்தினாள். அத்தனை அழகான ஷாட்டுகளை அதற்குப் பிறகு நான் நிறைய எடுத்திருக்கிறேன் என்று சொல்ல ஆசைதான். சொல்ல முடியவில்லை. சாவி தளர்ந்து கேமராவின் சத்தம் இழுக்க ஆரம்பித்தது. விரலை எடுத்தேன். நிமிர்ந்தேன். எட்டு மாதம் அடைத்துவைத்திருந்த வாயைத் திறந்து, வயிற்றிலிருந்து வருகிற குரலில் சொன்னேன்.

"கட்."

அத்தான் கட்டினார்.

திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. குரல் வந்தது, கட்டிவிட்டார். கை அசைந்ததைத் தவில்காரர் பார்த்தார். அவருக்கு அது போதும், கெட்டிமேளம் முழங்கியது. நாதஸ்வரக்காரர் வெற்றிலையைத் துப்பிவிட்டு ஊதினார். பெண்கள் குலவை போட்டார்கள். கூட்டம் எழுந்து அட்சதையை வாரி இறைத்தது. நெய்க்கிண்ணத்தோடு வெளியே வந்த ஐயர் தலையிலும் நாலு அட்சதை விழுந்தது. அவர் கிண்ணத்தைப் பிடித்தபடி வாசற்படியிலேயே நின்றுவிட்டார். சம்பந்தி மட்டும் அட்சதை போடவில்லை. மடியிலிருந்து கடிகாரத்தை எடுத்துப் பார்த்தார். மணி எட்டு ஐம்பத்திரண்டு.

மேளக்காரர்கள் ஒவ்வொருவராக நிறுத்தினார்கள். அந்த அமைதியில் சம்பந்தி, யார் கட்டச் சொன்னது என்று கேட்டார். அத்தான் குனிந்த நிலையிலேயே, முடிச்சைப் பிடித்த கையை எடுக்காமல், "பின்னாலேருந்து குரல் வந்துச்சுப்பா" என்றார். மொத்தப் பந்தலும் என் பக்கம் திரும்பியது. தங்கராசு மாமாவும் திரும்பினார், கண்ணாடியோடு. வெளிச்சம் என் முகத்தில் அடித்தது.

அதற்குப் பிறகு நடந்த விசாரணையை நினைத்தால்தான் எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. நான் கட்டு என்று சொல்லவில்லை, 'கட்' என்றுதான் சொன்னேன் என்றேன். ரெண்டுக்கும் என்ன வித்தியாசம் என்று சம்பந்தி கேட்டார். நிறைய வித்தியாசம் என்றேன்.

"எங்க, அப்பச் சொன்ன மாதிரியே சொல்லு, கேப்போம்."

சொன்னேன். கூட்டம் தலையை ஆட்டியது. கட்டு என்றுதானே சொல்கிறான் என்று பின்வரிசையில் யாரோ சொன்னார்கள். மறுபடி சொல்லவைத்தார்கள். இன்னும் அழுத்தமாக, 'டு' வராமல், நாக்கை மேலண்ணத்தில் ஒட்டவைத்துச் சொன்னேன். அப்போதும் கட்டுதான் கேட்டதாம். மூன்றாம் தடவை சொன்னபோது தவில்காரர் குச்சியைக் கையில் எடுத்துவிட்டார். அப்பா போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

அங்கேயே நான் வாயை மூடியிருக்க வேண்டும். காலில் விழுந்திருக்க வேண்டும். செய்யவில்லை. படித்தவன் அல்லவா, விளக்கம் சொன்னேன்.

"அது தமிழே இல்லைங்க. இங்கிலீஷு. வெட்டுன்னு அர்த்தம்."

ஆத்தா வாயில் முந்தானையை வைத்துக்கொண்டாள். சம்பந்தி என்னை விட்டுவிட்டு அப்பா பக்கம் திரும்பினார்.

"ராகு காலத்துல கட்டச் சொன்னதக்கூடப் பொறுத்துக்கிருவேன். எம் மகன் தாலிய கையில வச்சிருக்கையில, ஒங்க மகன் வெட்டுன்னு சொல்லியிருக்கான். நாங்க பொறப்புடுறோம்."

அதுவரை நான் தெரியாமல் தப்புச் செய்தவன். அந்த நிமிடத்திலிருந்து வேண்டுமென்றே செய்தவன் ஆனேன். மாப்பிள்ளை வீட்டார் எழுந்துவிட்டார்கள். அவர்கள் வந்த பஸ் வெளியே நின்றது. அதை ஓட்ட வேண்டியவர் மணவறையில் குனிந்து நின்றிருந்தாரே, அந்த ஒரு காரணத்தால்தான் அவர்கள் உடனே கிளம்பவில்லை என்று நினைக்கிறேன்.

கட்டியதை அவிழ்த்துவிட்டு ஒன்பதுக்கு மேல் மறுபடி கட்டலாம் என்றார் ஒருவர். கட்டின புருஷன் பக்கத்தில் நிற்கும்போது தாலியை அவிழ்ப்பதா என்று ஆத்தா உட்கார்ந்து அழ ஆரம்பித்தாள். அவிழ்க்கவும் கூடாது, அப்படியே விடவும் கூடாது. ஆளுக்கொன்று பேசினார்கள். அக்கா மட்டும் பேசவில்லை. அவள் கழுத்தில் தாலி, தாலியில் அத்தான் கை. தலையைக்கூடத் திருப்ப முடியவில்லை.

ஐயர்தான் நெய்க்கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார், எத்தனை முடிச்சு விழுந்தது என்று. ஒன்றுதான் என்றார் அத்தான். மற்ற இரண்டையும் போட வேண்டியது நாத்தனார், அதாவது அத்தானின் தங்கை. அவரைக் காணோம். படத்தில் நீங்களும் விழுவீர்கள் என்று காலையில் நான் சொல்லியிருந்தேன். அதனால் தலையைச் சரிசெய்து இன்னொரு முழம் பூ வைத்துக்கொள்ள உள்ளே போயிருந்தார். அன்றைக்கு என்னால் நடந்த ஒரே நல்ல காரியம் அது.

"மூணு முடிச்சும் விழுந்தாத்தான் மாங்கல்ய தாரணம் ஆச்சு. இப்ப ஆரம்பிச்சிருக்கு, முடியல. பையன் கைய எடுக்காம அப்படியே பிடிச்சுண்டு இருக்கட்டும். ஒம்பது அடிச்சதும் மத்த ரெண்டையும் போட்டுடலாம். முடியற நேரந்தான் கணக்கு" என்றார் ஐயர்.

அது சாஸ்திரத்தில் இருக்கிறதா என்று எனக்குத் தெரியாது. சம்பந்திக்கும் தெரியவில்லை. யோசித்தார். பிறகு, சரி, ஆனால் ஒரு நிபந்தனை என்று என் கையிலிருந்த கேமராவைக் காட்டினார். ராகு காலத்தில் கட்டியது அந்தப் பெட்டிக்குள் பதிவாகியிருக்கிறது. அது இந்த உலகத்தில் இருக்கக் கூடாது. அதை வெளியே எடுத்துப் போட்டால் அவர் உட்காருவார், இல்லாவிட்டால் இல்லை.

கட்டினது இதற்குள் இல்லை, கட்டுவதற்கு முன்னாலேயே நிறுத்திவிட்டேன் என்று சொன்னேன். யார் நம்புவார்கள். இப்போது நான் செய்ததைச் சொல்ல வேண்டும். இதைச் சொல்லாமல் விட்டுவிடலாமா என்றும் பார்த்தேன். நான் வாதாடினேன். அக்கா கழுத்தில் அரைத் தாலி இருக்க, அத்தான் முதுகு வளைந்து நிற்க, ஆத்தா தரையில் அழ, நான் பிலிமைப் பற்றி வாதாடினேன். பெண் அழைப்பு நன்றாக வந்திருக்கிறது, பந்தி நன்றாக வந்திருக்கிறது, திறந்தால் வெளிச்சம் பட்டு எல்லாம் போய்விடும், என் வேலையே இதில்தான் இருக்கிறது என்று அடுக்கினேன். எனக்கு அழுகைகூட வந்தது. என் நூறடிக்காக வந்த அழுகை.

"டேய்" என்றாள் அக்கா. தலையைத் திருப்பாமல், எதிரே இருந்த வாழைமரத்தைப் பார்த்துக்கொண்டே பேசினாள். "எங் கழுத்துல ஒரு கயிறு பாதியில நிக்கிது. ஒனக்குப் படம். அத எடுத்துப் போட்டுட்டு அங்கிட்டுப் போடா."

கேமராவின் கதவைத் திறந்தேன். மேலே நான் பிரித்த ஓட்டை வழியாக வந்த வெயில் நேராக உள்ளே விழுந்தது. பிலிமை உருவி உருவிச் சம்பந்தி காலடியில் போட்டேன். அவர் ஒரு முனையை எடுத்து வெயிலில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். கழுவாத பிலிமில் என்ன தெரியும். அந்தப் பக்கம் திருப்பிப் பார்த்தார், இந்தப் பக்கம் திருப்பிப் பார்த்தார். முகம் மாறியது.

"இதுல ஒண்ணையும் காணமே. அப்பக் காலையிலேருந்து வெத்துப் பெட்டிய வச்சுக்கிட்டா இந்த ஆட்டம் ஆடுன?"

படம் எடுத்ததற்கு ஒரு கோபம், எடுக்கவில்லை என்பதற்கு இன்னொரு கோபம். இரண்டையும் ஐந்து நிமிட இடைவெளியில் ஒரே மனிதரிடம் வாங்கினேன். எனக்கு அந்த ஆள்மேல் இன்றைக்கும் ஆறவில்லை. அவர் போய்ச் சேர்ந்து பல வருடம் ஆகிறது, ஆனாலும் ஆறவில்லை.

ஒன்பது அடிக்கும்வரை அத்தான் வளைந்தே நின்றார். கண்ணாடியை இறக்கச் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை, தங்கராசு மாமாவும் கடமை தவறாமல் வெயிலை மறுபடி அத்தான் முகத்துக்கே திருப்பிப் பிடித்துக்கொண்டிருந்தார். அத்தானின் வியர்வை அக்காவின் தோளில் சொட்டியது. நாத்தனார் புதுப் பூவோடு வந்து இரண்டு முடிச்சையும் போட்டார். மறுபடி கெட்டிமேளம். இந்தத் தடவை போட அட்சதை இல்லை, தரையில் கிடந்ததைப் பொறுக்கிப் போட்டார்கள். அப்பா என்னைப் பந்தலுக்கு வெளியே மாட்டுக் கொட்டகைப் பக்கம் அனுப்பிவிட்டார். சாப்பாடு அங்கேதான் வந்தது. என் நூறடி பிலிமைச் சமையல்காரர்கள் எடுத்துப்போய் வாழையிலைக் கட்டுகளைச் சுற்றக் கயிறாக்கிக்கொண்டார்கள். நல்ல உறுதி என்று பாராட்டினார்களாம்.

சென்னைக்குத் திரும்பி மாஸ்டர் முன்னால் நின்றேன். காலிக் கேமராவை மேஜையில் வைத்துவிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். சிரித்துவிடுவார், சிரித்தால் பிழைத்தேன் என்று நினைத்தேன். அவர் சிரிக்கவில்லை.

"பிடிச்சது நீ, பட்டன்ல விரல் வச்சிருந்தது நீ. விரலை எடுத்தாக் கேமரா நிக்கப் போகுது. அப்புறம் யாருக்குடா கட் சொன்னே?"

அதற்குப் பதில் என்னிடம் இப்போது இருக்கிறது. எட்டு மாதம் என் பேச்சை ஒருவரும் கேட்கவில்லை மாஸ்டர், ஒரே ஒரு தடவை நான் சொல்லி நாலு பேர் கேட்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன், கேட்டார்கள், அவ்வளவுதான். இதை அன்றைக்கே சொல்லியிருந்தால் ஒருவேளை அவர் மனம் இரங்கியிருக்கும். நான் தலையைக் குனிந்து நின்றேன். இன்னும் இரண்டு வருடம் ஸ்டாண்டு தூக்கு, அப்புறம் பார்க்கலாம் என்றார். எண்ணி இரண்டு வருடம் தூக்கினேன். ஒரே ஓர் எழுத்துக்காக இரண்டு வருடம்.

பிறகு உதவியாளன் ஆனேன், செய்திப் படம் எடுத்தேன், சென்னைக்குத் தொலைக்காட்சி வந்ததும் அதில் சேர்ந்தேன், இயக்குநரும் ஆனேன். நாற்பது பேர் மூச்சை அடக்கி என் வாயைப் பார்க்கும் நாளும் வந்தது. ஆனால் அந்தச் சொல் எனக்கு வரவில்லை. 'போதும்' என்பேன். நடிகர்கள் முதலில் திகைத்துப்போவார்கள், நடிப்பு அவ்வளவு மோசமா என்று அழுதவர்களும் உண்டு. முதுகுக்குப் பின்னால் எனக்குப் 'போதும் சார்' என்று பெயர் வைத்தார்கள். அது தெரிந்து நான் கத்த, மேலும் கோபக்காரன் ஆனேன்.

வீட்டில் கதை வேறு மாதிரி வளர்ந்தது. அக்காவுக்கும் அத்தானுக்கும் சண்டை வந்தால் அத்தான் ஒரே வரியில் முடித்துவிடுவார். "நானாக் கட்டுனேன்? ஒந் தம்பி சொன்னான், கட்டுனேன்." அக்கா உடனே எனக்கு டிரங்க் கால் போட்டுத் திட்டுவாள். சண்டை அவர்களுக்குள், திட்டு எனக்கு.

அத்தானுக்கு அறுபது வயது நிறைந்தது. அறுபதாம் கல்யாணம் புதுக்கோட்டையில் ஒரு மண்டபத்தில் நடந்தது. வீடியோ எடுக்க வந்தவர் உள்ளூரில் ஸ்டுடியோ வைத்திருக்கிற பெரியவர். என் பெயரைக் கேட்டதும் கையெடுத்துக் கும்பிட்டார். நீங்கள் இருக்கும்போது நான் என்ன எடுக்கிறது, நீங்கள் சொல்கிறபடி எடுக்கிறேன் என்றார். நான் ஒன்றும் சொல்லப் போவதில்லை, வாயையே திறக்கப் போவதில்லை, உங்கள் வேலையை நீங்கள் பாருங்கள் என்று சொல்லிவிட்டுக் கடைசி வரிசையில் போய் உட்கார்ந்தேன்.

நல்ல நேரம் வந்தது. ஐயர் கையைக் காட்ட, கெட்டிமேளம் ஆரம்பித்தது. அத்தான் தாலியை எடுத்து அக்கா கழுத்தருகே கொண்டுபோனார். கட்டவில்லை. கையை அப்படியே வைத்துக்கொண்டு கூட்டத்தைப் பார்த்தார். மேளம் தடுமாறி நின்றது.

"மாப்ள சொல்லட்டும்" என்றார் அத்தான்.

மண்டபம் முழுக்கச் சிரிப்பு. எல்லாத் தலையும் கடைசி வரிசைக்குத் திரும்பியது. எனக்கு உச்சந்தலை வரை சூடு ஏறியது. ஐம்பது வயதுக்கு மேல் ஆன மனிதனை, நாடறிந்த ஒளிப்பதிவாளனை, இப்படியா சபையில் வைத்து மானத்தை வாங்குவது. கட்டுங்க அத்தான் என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னேன். அப்படி இல்லை, அன்றைக்குச் சொன்ன மாதிரி சொல்ல வேண்டும் என்றார். நான் மாட்டேன் என்றேன். அவர் கையை இறக்கவில்லை. நேரம் போய்க்கொண்டிருந்தது.

அக்கா என்னைப் பார்த்தாள். "அன்னிக்கு வேணாங்கிறப்பச் சொன்ன. இன்னிக்கு வேணுங்கிறப்ப வாயத் தொறக்க மாட்டேங்கிற. சொல்லித் தொலைடா, கழுத்து வலிக்கிது."

எழுந்து நின்றேன். வந்த கோபத்தையெல்லாம் வயிற்றில் திரட்டிக்கொண்டு, முப்பது வருடத்துக்கு மேல் சொல்லாத சொல்லை, மண்டபத்தின் கூரை அதிரச் சொன்னேன்.

"கட்."

அத்தான் கட்டினார். மேளம் முழங்கியது. அட்சதை விழுந்தது. அந்த நேரத்தில் வீடியோக்காரர் கேமராவைத் தோளிலிருந்து இறக்கி, விளக்கை அணைத்துவிட்டு, அடுத்து என்ன சார் என்பதுபோல என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கேசட் ஒரு மாதத்தில் வந்தது. அதில் அத்தான் தாலியைத் தூக்கிக்கொண்டு போகிறார். அடுத்ததாக எல்லோரும் பாயசம் குடிக்கிறார்கள். இரண்டும் ஒட்டவே இல்லை. பொங்கலுக்குக் குடும்பம் கூடும்போதெல்லாம் அதைப் போட்டுப் பார்ப்பார்கள். பாயசம் வரும் இடத்தில் அத்தான் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொள்வார். "ரெண்டு தடவையும் நான் கட்டுனதுக்கு ருசுவே இல்ல மீனாட்சி. நான் இன்னும் பேச்சலர்தான்" என்பார்.

"அப்ப இன்னிக்குச் சோத்துக்கு வேற வீடு பாத்துக்கிருங்க" என்பாள் அக்கா. "எந் தம்பியையும் கூட்டிக்கிட்டுப் போங்க."